கண்ணுக்கு விருந்து, செவிக்குப் பட்டினியா?

1877-ஆம் ஆண்டில் தாமஸ் ஆல்வா எடிசன் தம் குரலைக் கருவியொன்றில் பதிவு செய்து, திரும்பவும் கேட்டு மகிழ்ந்தார். காற்றோடு கரைந்து போகும் மனிதக் குரலை நிலைநிறுத்த அன்று வழி பிறந்தது. இன்றோ கைப்பேசி வைத்திருக்கும் எவரும் அதைச் செய்யலாம். ஆயினும், நம் விழா வீடியோக்களில் குரல் தெளிவாகக் கேட்கிறதா? இல்லை என்றே வருத்தத்துடன் கூற வேண்டியுள்ளது.

சென்ற ஆண்டு விழாவில், ஓய்வு பெற்ற எங்கள் தமிழாசிரியை சிஸ்டர் அவர்கள் பன்னிரண்டு நிமிடம் பேசினார்கள். எண்பது வயதைக் கடந்த அவர்களின் குரல் மெல்லியது. ஆகவே ஒலிபெருக்கியைக் கூட்டி வைத்தார்கள். வீடியோ கேமராவோ ஒலிபெருக்கிப் பெட்டியின் அருகிலேயே நின்றது! வீடியோ வந்ததும் ஆவலுடன் பார்த்தோம். சிஸ்டரின் புன்னகை தெரிந்தது. பேச்சு மட்டும் தகரத்தைக் கீறுவது போல் கரகரத்தது. இனி மேடையேற இயலாது என்று அவர்கள் அன்றே சொல்லிவிட்டார்கள்.

இது ஏன் நேர்கிறது? வீடியோ கருவி ஒலியலையின் உயரத்தைப் பொதுவாக விநாடிக்கு 48,000 முறை அளந்து எண்களாகக் குறித்துக்கொள்கிறது. 16 பிட் முறையில் அது குறிக்கக்கூடிய மிகப் பெரிய எண் 32,767. அதற்கு மேல் எழும் அலைகளின் உச்சியெல்லாம் மொட்டையாக வெட்டப்படுகிறது. பிறகு சத்தத்தைக் குறைத்தாலும் வெட்டுண்ட உச்சி திரும்பி வராது.

குழம்பில் உப்புக் குறைந்தால் சேர்த்துக்கொள்ளலாம், கூடிவிட்டால்? உருளைக்கிழங்கை நறுக்கிப் போட்டுப் பார்ப்போம். ஒலியைச் சீராக்கும் கணினி மென்பொருளும் அந்த உருளைக்கிழங்கு போன்றதே. வெட்டுண்ட பகுதியை அது ஊகித்து நிரப்புகிறது. சிறு பழுதானால் பலன் உண்டு. எங்கள் வீடியோவிலோ, கணினி ஆசிரியை மூன்று நாள் முயன்றும், குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போலவே இருந்தது.

இறுதியில் உதவியது ஒரு தந்தையின் கைப்பேசி. தம் மகளின் நடனத்திற்காகக் கடைசி வரிசையில் அமர்ந்து, சற்று முன்னதாகவே பதிவைத் தொடங்கிவிட்டார். பெட்டிக்குத் தொலைவில் இருந்ததால் அதில் குரல் சிதையவில்லை. கைதட்டல் ஒலி ஒத்துவரும் இடத்தைப் பிடித்து வீடியோவுடன் இணைத்தோம். நான்கு நிமிடப் பேச்சு மீண்டது. எஞ்சிய எட்டு நிமிடத்தை எங்கள் நினைவிலிருந்து எழுதி வைத்துள்ளோம். ஆனால் எழுத்து குரலாகுமா?

பழியை வீடியோ எடுத்தவர் மேல் மட்டும் சுமத்துவது நியாயமன்று. பறக்கும் கேமரா வேண்டும், வண்ண விளக்கு வேண்டும் என்றெல்லாம் கேட்ட நாம், "ஒலி எப்படி வருகிறது?" என்று ஒரு வார்த்தை கேட்டோமா? கேளாதது நம் குற்றமே.

இனியேனும் சிலவற்றைச் செய்வோம். விழாவுக்கு முன் ஒருவரைப் பேசச் செய்து, பதிவு செய்து, காதில் ஹெட்போன் மாட்டிக் கேட்டுப் பார்க்க வேண்டும். ஒலி அளவுகாட்டியின் உச்சம் மைனஸ் 12 டெசிபல் அளவில் நிற்பது நலம். ஒலிபெருக்கியின் மிக்ஸரிலிருந்து நேரே வயர் கொடுப்பது மிக நன்று. அப்போது கேமராவை 'லைன்' நிலையில் வைக்க வேண்டும், 'மைக்' நிலையில் வைத்தால் அதுவும் சிதையும். இவற்றோடு, பெட்டிக்கு எட்ட ஒரு கைப்பேசியைத் தனியே பதிவு செய்ய விடுவோம். இவற்றிற்குப் பெருஞ்செலவு இல்லை, அக்கறைதான் வேண்டும்.

திருவள்ளுவர் 'கேள்வி' என்று ஓர் அதிகாரமே வகுத்து, செவியால் பெறும் செல்வத்தைத் தலையாயதென்று போற்றினார். பெரியோரின் முகத்தைப் படத்தில் காக்கும் நாம், அவர்தம் குரலையும் காப்போமாக!