இரண்டாவது கோட்டுக்குச் சம்பளம் உண்டா?

கோவைக்கு வெளியே ஒரு முதியோர் இல்லத்தைப் பார்த்துக்கொள்வது என் வேலை. எங்கள் வாசலில், செருப்பு ஸ்டாண்டை ஒட்டிய மேசையில், ஆன்டிஜன் கிட் இன்னும் இருக்கிறது. "கொரோனாதான் போயிடுச்சே, இன்னும் எதுக்குங்க மேடம் இது?" என்று பெற்றோரைப் பார்க்க வருகிற பிள்ளைகள் கேட்பார்கள். உள்ளே இருப்பவர்களில் பாதிப் பேர் எண்பதைத் தாண்டியவர்கள். ஊருக்கு அது வெறும் சளிக்காய்ச்சலாகிவிட்டது. இவர்களுக்கு அந்தச் சளிக்காய்ச்சலே நிமோனியாவில் கொண்டுபோய் விடும்.

இந்தக் கிட்டுக்கு நம்மூரில் ஆரம்பத்திலிருந்தே நல்ல பெயர் இல்லை. 2020 ஏப்ரலில் சீனாவிலிருந்து வந்த ரேபிட் கிட்கள் சொதப்பின, திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டது ஐசிஎம்ஆர். அவை ரத்தத்தில் ஆன்டிபாடி பார்ப்பவை. மூக்கில் வைரஸைத் தேடும் ஆன்டிஜன் கிட்டுக்கு ஜூனில்தான் அனுமதி வந்தது. இரண்டுக்கும் 'ரேபிட்' என்று பெயர் இருந்ததால் முன்னதன் பழி பின்னதன் மேலும் விழுந்தது. தமிழ்நாடு அரசு ஆர்டி-பிசிஆர் மட்டுமே செய்வதாகப் பெருமையாகச் சொன்னது. அதில் நியாயமும் உண்டு. ஐசிஎம்ஆர் மதிப்பீட்டிலேயே, பிசிஆரில் பாசிட்டிவ் ஆன 100 பேரில் 50 முதல் 84 பேரைத்தான் அந்தக் கிட் பிடித்தது.

விட்டுப்போனவர்கள் யார் என்பதை மட்டும் யாரும் பெரிதாகப் பேசவில்லை. பிசிஆர் வைரஸின் மரபணுத் துணுக்கை மடங்கு மடங்காகப் பெருக்கித் தேடுகிறது. ஆள் தேறி வேலைக்குப் போன பிறகும் சிலருக்கு வாரக்கணக்கில் பாசிட்டிவ் காட்டும். ஆன்டிஜன் கிட், வைரஸின் புரதம் மூக்கில் ஏராளமாக இருந்தால்தான் கோடு போடும். அடுத்தவருக்கு ஒட்டுவதும் பெரும்பாலும் அந்த நாட்களில்தான். ஹார்வர்டில் இருந்த தொற்றுநோயியல் நிபுணர் மைக்கேல் மினா 2020-லேயே இதைச் சலிக்காமல் சொல்லிக்கொண்டிருந்தார். வாசலில் நிற்கும் எனக்குத் தெரிய வேண்டியதும் ஒன்றே ஒன்றுதான்: இந்த ஆயாக்கா இன்று தாத்தாவுக்குச் சோறு ஊட்டலாமா, கூடாதா? 15 நிமிடத்தில் அதைச் சொல்கிற கிட், நாளை மறுநாள் வரும் துல்லியமான ரிப்போர்ட்டைவிட எனக்குப் பிரயோஜனம்.

கண்மூடித்தனமாக நம்பவும் கூடாது. ஒமிக்ரான் வந்த பிறகு, தொண்டை கரகரத்த முதல் நாளில் பலருக்கு நெகட்டிவ்தான் வருகிறது. 48 மணி நேரம் விட்டு மறுபடி பார்க்கச் சொல்லி 2022 ஆகஸ்டில் அமெரிக்காவின் எஃப்டிஏ அறிவுறுத்தியது. எங்கள் இல்லத்திலும் அதுதான் விதி. நெகட்டிவ் வந்தாலும் மூக்கு ஒழுகினால் மாஸ்க், வேலை சமையலறைக்கு வெளியே. இன்னொன்று, பெட்டியிலேயே 2 முதல் 30 டிகிரிக்குள் வைக்கச் சொல்லிப் போட்டிருக்கும். சித்திரை வெயிலில் ஸ்கூட்டர் டிக்கிக்குள் மத்தியானம் முழுக்க வெந்த கிட்டை மருந்துக்கடைப் பையன் கொண்டுவந்து நீட்டினான். கோடே விழாத கிட்டை எப்படியும் தூக்கிப் போட்டுவிடுவோம். கிட் வேலை செய்கிறது என்று காட்டும் சி கோடு ஒழுங்காக விழுந்து, வைரஸ் இருப்பதைக் காட்டும் டி கோடு மட்டும் ஏமாற்றினால் என்ன செய்வது? வாங்காமல் திருப்பி அனுப்பினேன்.

இதெல்லாம் பழகினால் சரியாகிவிடும். சரியாகாதது சம்பளம். ராத்திரி ஷிஃப்டுக்கு வந்த ஒரு அக்கா தும்மிக்கொண்டே சொன்னார்: "சளியெல்லாம் ஒண்ணுமில்லீங்க மேடம், தூசி அலர்ஜிதானுங்க." குச்சியை மூக்கில் விட்டுச் சுற்றி, கரைசலில் முக்கி, சொட்டுவிட்டு, இரண்டு பேரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம். டி-க்கு நேரே ரோஸ் நிறத்தில் மங்கலாய் ஒரு கோடு. அவர் வைரஸைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "எத்தனை நாளுங்க போகும்? மகளிர் குழுத் தவணை திங்கக்கிழமைங்க" என்றார்.

2020 நவம்பரில் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்தில் இலவசமாகவே எல்லோருக்கும் டெஸ்ட் எடுத்துப் பார்த்தார்கள். ஏழைப் பகுதிகளில்தான் மிகக் குறைவாக வந்தார்கள். பாசிட்டிவ் ஆனால் வருமானம் போகும் என்ற பயம் அதற்கு ஒரு காரணம். இத்தனைக்கும் தொற்றால் தனிமைப்படுத்திக்கொள்ளும் ஏழைத் தொழிலாளர்களுக்கு 500 பவுண்டு என்று அரசு அறிவித்திருந்த நாடு அது. நம்மிடம் ஈஎஸ்ஐ இருக்கிறது, நோய்க்காலத்தில் 70 சதவீதச் சம்பளம் தரும். ஆனால் 1948-ஆம் ஆண்டுச் சட்டம் முதல் இரண்டு நாட்களுக்குப் பணம் இல்லை என்றே வைத்திருந்தது. காய்ச்சல், சளியில் அதிகம் பரப்பும் நாட்களே அவைதான்! ஏதோ பொய் லீவைத் தடுக்க எழுதிய விதி. ஆன்டிஜன் கிட்டில் விழுந்த கோட்டைவிட என்ன சாட்சி வேண்டும்?

அரசு மருத்துவமனையோ மருந்துக்கடையோ உறுதிசெய்த பாசிட்டிவ் முடிவு இருந்தால், முதியோர் இல்லம், டயாலிசிஸ் மையம், அங்கன்வாடி போன்ற இடங்களில் வேலை செய்பவர்களுக்கு முதல் நாளிலிருந்தே சம்பளம் என்று அரசு உத்தரவு போடலாம். பெரிய செலவில்லை. ஒரு ஆயாவின் மூன்று நாள் கூலி, ஒரு முதியவரைத் தனியார் ஐசியூவில் ஒரு நாள் வைக்கும் பில்லுக்குப் பக்கத்தில்கூட வராது.

எங்கள் டிரஸ்டிகளிடம் இதே கணக்கைக் காட்டித்தான் சம்பளத்தோடு லீவு வாங்கினேன். இப்போது சிலர் தாங்களாகவே வந்து, "ஒரு டெஸ்ட் போட்டுருங்க மேடம், தொண்டை ஒரு மாதிரியா இருக்குதுங்க" என்கிறார்கள். ஏஜென்சி மூலம் வருகிறவர்களுக்கு இன்னும் கிடையாது. அவர்கள் லீவுக்குப் பணம் யார் கொடுப்பது என்று ஏஜென்சியும் நாங்களும் மெயில் அனுப்பிக்கொண்டிருக்கிறோம். அவர்களில் ஒருவருக்கும் இதுவரை சளி பிடித்ததே இல்லையாம், எல்லாம் தூசி அலர்ஜிதான்.