கடுகு டப்பா பாங்க்

சகோதரிகளே! 2016 நவம்பர் 8-ம் தேதி இரவு ஞாபகம் இருக்கிறதா? 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்களே, அன்றுதான் எத்தனையோ வீடுகளில் கடுகு டப்பாவின் ரகசியம் அம்பலமாயிற்று. என் வீட்டிலும்தான்! "அடேயப்பா, இவ்வளவு பணமா!" என்று இவர் வாயைப் பிளந்தார். எனக்கோ வெட்கம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம்.

அப்புறம் யோசித்தேன். டப்பாவில் பணம் தூங்கும், வளராது. விலைவாசி வருஷத்துக்கு நூற்றுக்கு ஆறு வீதம் ஏறினால், இன்று 20,000 ரூபாயில் நடக்கும் குடும்பத்துக்குப் பன்னிரண்டு வருஷத்தில் 40,000 வேண்டும். இவர் ரிடையராகும்போது டப்பா என்ன செய்யும், பாவம்!

தபாலாபீசில் என் பெயரிலேயே பி.பி.எஃப். கணக்கு ஆரம்பித்தேன். 1968-ல் வந்த திட்டம். வருஷத்துக்குக் குறைந்தது 500 ரூபாய். மிஞ்சிப் போனால் ஒன்றரை லட்சம். பதினைந்து வருஷக் கெடு. வட்டிக்கு வருமான வரி கிடையாது. ஒரு சூட்சுமம்: 5-ம் தேதிக்குள் கட்டினால்தான் அந்தப் பணத்துக்கு அந்த மாத வட்டி சேரும். ஆகையால் பால் கணக்கைத் தீர்க்குமுன் இதைக் கட்டிவிடுங்கள்.

இன்னொன்று. "எல்லாம் அவர் பார்த்துக்கொள்வார்" என்று இருந்துவிடாதீர்கள். அவருடைய கணக்குகளில் நாமினியாக யார் பெயர் இருக்கிறது என்று இன்றிரவே கேளுங்கள். நான் கேட்டேன். கல்யாணத்துக்கு முன்பு எழுதிக் கொடுத்த என் மாமியார் பெயரே இருந்தது! மாமியார் காலமாகிப் பத்து வருஷம் ஆகிறது. மறுநாளே மாற்றினோம்.

கடுகு டப்பாவில் இப்போது என்ன இருக்கிறது என்கிறீர்களா? கடுகுதான்!