கல்லூரிக்கொரு கோப்புக் கண்மாய்

அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் சூழ்ந்த நம் கரிசற்சீமை வானம் பார்த்த பூமி என்பதை யாவரும் அறிவர். குண்டாற்றில் நீரோடும் நாள்கள் சிலவே. ஆகலின் நம் முன்னோர் ஓடுநீரை நம்பி வாளாவிருந்தாரல்லர். கண்மாயும் ஊருணியும் கண்டு, வந்த நீரைத் தேக்கி, வாராத நாளைக் கடந்தனர். அம்முறையே நூற்செல்வத்திற்கும் வேண்டுமென்பது எம் கருத்து.

இன்று மாணவர்க்கு நூல்கள் பெரும்பாலும் கணினிக் கோப்புகளாகவே வருகின்றன. 1998-ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தோன்றிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல் பலவற்றை விலையின்றி வழங்கி வருகின்றது. ஆயின் ஒரே நூலை மாணவர் ஒவ்வொருவரும் இணையத்தினின்று தனித்தனியே இறக்குதல், ஊருணி தோண்டாமல் வீட்டுக்கொருவர் ஆற்றிற்குக் குடம் தூக்குவதை ஒக்கும். பென் டிரைவோ நச்சுநிரலையும் உடன் கொணரும். அது தொலைந்தால் ஓராண்டின் உழைப்பும் தொலையும்.

இதற்கு மாற்று, கல்லூரிக்குள்ளேயே கோப்பு வழங்கி ஒன்றை நிறுவுதல். ஒதுக்கப்பட்ட பழங்கணினி ஒன்று, 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸின்மேல் அமைந்த டெபியன் போன்ற விலையில்லா இயங்குதளம் ஒன்று, கட்டடங்களை இணைக்கும் கம்பி ஆகிய இவை போதும். வெளியிணையம் அறுந்த நாளிலும் உட்கம்பியில் நூல் ஓடும்.

எஃப்.டி.பி. என்னும் கோப்பு மாற்று நெறியின் முதல் வரைவை 1971 ஏப்ரலில் எழுதியவர், கான்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்று அமெரிக்கா சென்ற அபய் பூஷண் என்னும் இந்தியரே. ஆயினும் அந்நெறியில் கடவுச்சொல்லும் கோப்பும் மறைப்பின்றியே செல்லும், இடைநிற்பான் படித்துக்கொள்வான். இது முதலிய காரணங்களால் குரோம், ஃபயர்பாக்ஸ் உலாவிகள் 2021-இல் அதனைக் கைவிட்டன. 1995-இல் ஃபின்லாந்து நாட்டுத் தாத்து யுலோனென் ஆக்கிய எஸ்.எஸ்.எச். மறைகாப்புடைய வழியைத் தந்தது. அவ்வழியே இயங்கும் எஸ்.எஃப்.டி.பி. முறையையே யாம் வேண்டுவோம்.

செய்முறை எளிது. ஓப்பன் எஸ்.எஸ்.எச். வழங்கியை நிறுவிக் கணினிக்கு மாறா முகவரி ஒன்று தருக. மாணவர்க்கெனப் பயனர் குழு வகுத்து, அமைவுக் கோப்பின் வாயிலாக அவர்களை ஓரடைவுக்குள் நிறுத்துக. கோப்பு மாற்றமன்றிப் பிற கட்டளை இடவொண்ணாதபடி தடுக்க. அவ்வடைவு தலைமைப் பயனர்க்கே உரியதாய், பிறர் எழுதவொண்ணாததாய் இருத்தல் வேண்டும். இன்றேல் வழங்கி எவரையும் உள்ளே விடாது. அதனுள் 'நூலகம்' என்னும் பகுதி படித்தற்கு. 'வரவு' என்னும் பகுதி எழுதுதற்கு. தீச்சுவர் 22-ஆம் துறையைக் கல்லூரி வலைக்கு மட்டும் திறக்க. வாரந்தோறும் வேறொரு வட்டில் படியெடுத்து வைக்க. உரிமைக்காலம் நீங்கிய நூல்களும் அரசு நாட்டுடைமையாக்கிய நூல்களுமே அங்கு இடம்பெறுக.

"கூகுள் டிரைவ் இருக்க இஃதெற்றுக்கு?" என்பாருமுளர். அது வெளியிணையமின்றி நம்மை வந்தடையாது. அதன் மடையும் நம் கையிலில்லை. "தமிழ் மாணவர்க்குக் கணினி வேலை ஏன்?" என்பாரும் உளர். ஓலை நைந்தபொழுதெல்லாம் படியெடுத்து வைத்தோர் இலராயின் உ. வே. சாமிநாதையர் தேடிச் சென்ற சுவடிகள் எங்ஙனம் எஞ்சியிருக்கும்? நூலைக் காத்தல் தமிழ் மாணவரின் கடமையே. கருவி மட்டுமே மாறிற்று.

அன்றியும், அருப்புக்கோட்டைத் தறிக்காரர் வழங்கும் தொழிற்சொற்களையும், திருச்சுழிப் பக்கத்து முதியோர் பாடும் கும்மியையும் தாலாட்டையும் ஒலிப்பதிந்து அங்கு சேர்ப்போமாயின், அவை எவ்விணையத்திலும் கிடையாத செல்வமாகும். பாடுவோர் மறைந்தபின் அவற்றைத் தேடிப் பயனென்?

தூர் வாராத கண்மாய் மேடாகும். எனவே ஆண்டுதோறும் மாணவர் இருவர் நீர்ப்பாய்ச்சியர்போல் இவ்வழங்கிக்குப் பொறுப்பேற்றல் வேண்டும். பேராசிரியரும் நூலகத்தாரும் பழங்கணினி ஒன்றை ஈந்து உதவுவாராக. கரை எழுப்பும் வேலை எம்மது.