வாத்தியாருக்கும் பாடம்

உங்கள் வீட்டு ஃபிரிட்ஜின் பின்புறம் ஒட்டியுள்ள சீட்டைப் பார்த்திருக்கிறீர்களா, சகோதரிகளே? 'ஆர் 600ஏ' என்றிருந்தால் உள்ளே ஓடுவது ஐசோபியூட்டேன். சமையல் வாயுவுக்கு நெருங்கிய உறவு, தீப்பற்றும்! பழைய 'ஆர் 12' தீப்பற்றாது. ஆனால் ஓசோன் படலத்தை அரித்தது. 1987-ல் மான்ட்ரியலில் கூடிய நாடுகள் அதைக் குறைக்க ஒப்பந்தம் செய்தன.

வாயு மாறினால் கைப்பழக்கமும் மாற வேண்டாமா? குழாயில் வாயு மிச்சமிருக்கும்போது பற்றவைக்கச் சுடரைக் காட்டினால் விபரீதந்தான். மெக்கானிக் செய்யும் தவறு ஒரு வீட்டோடு போகும். வாத்தியார் தவறாகக் கற்பித்தாலோ ஊரெல்லாம் பரவும்! எனவேதான் ஐ.டி.ஐ. ஆசிரியர்களுக்கென்று தேசியத் திறன் பயிற்சி நிலையங்களில் ஓராண்டுப் பயிற்சி. தொழிலோடு, அதைச் சொல்லிக்கொடுக்கும் முறையும் உண்டு.

மெக்கானிக் வந்தால் முதலில் அடுப்பை அணையுங்கள்; ஜன்னலைத் திறந்து வையுங்கள். "எங்கே படித்தீர்கள், தம்பி?" என்றும் கேளுங்கள். காப்பி அப்புறம் கொடுக்கலாம்!