பெட்டி வாங்குவதற்கு முன் பாட்டைக் கேளுங்கள்

வீட்டிலேயே பாட்டுப் பதிவுசெய்யும் ஆர்வம் கண்டியைச் சுற்றியுள்ள தோட்டப்புற இளைஞரிடையே வளர்ந்து வருவது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால், எந்தக் கருவியை வாங்குவது என்று கேட்டால் அவர்களுக்குக் கிடைக்கும் பதில்கள் இரண்டேதான். கைத்தொலைபேசியே போதும் என்பார் ஒருசாரார். கொழும்புக்கோ சென்னைக்கோ போய்க் கலையகத்தில் பதிந்தால்தான் அது பாட்டு என்பார் மறுசாரார். இரண்டும் பிழையான பதில்கள் என்பது என் வாதம். மலையகத்துப் பாடல்களைப் பொறுத்தவரை அவை கேடு விளைவிக்கும் பதில்களும் கூட.

முதலாவதை எடுத்துக்கொள்வோம். கைத்தொலைபேசியின் ஒலிவாங்கி மனிதர் பேசுவதற்காக அமைக்கப்பட்டது. உரத்த ஒலி வந்தால் அது தானாகவே அளவைத் தாழ்த்தும். மெல்லிய ஒலி வந்தால் உயர்த்தும். காமன் கூத்தில் தப்பு முழங்கத் தொடங்கியதும் பாடுபவரின் குரல் உள்ளே அமிழ்ந்துவிடுகிறது. ஒப்பாரியில் மூச்சு இழுக்கும் இடைவெளியை இரைச்சல் என்று எண்ணி அழித்துவிடும் தொலைபேசிகளும் உண்டு. அந்த மூச்சு ஒப்பாரியின் பாதி அல்லவா? பிறகு அந்தப் பதிவை வாட்ஸ்அப்பில் அனுப்பி, மேலும் சுருக்கி, அதையே ஆவணம் என்கிறோம். ஒன்றும் இல்லாததற்கு அது மேல், மறுக்கவில்லை. போதும் என்பதைத்தான் மறுக்கிறேன்.

அடுத்தது கலையகம். அங்கே ஒருவர் காதில் தாளக் கணக்கை ஒலிக்கவிட்டு, தனித்தனியாகப் பாடவைத்து, பின்னர் ஒட்டுகிறார்கள். திரையிசைக்கு அது பொருந்தும். ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடும் பாட்டுக்கு அது எப்படிப் பொருந்தும்? பாடுபவரின் முகத்தைப் பார்த்தே தப்படிப்பவர் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிறார். அவர்களைப் பிரித்து உட்காரவைத்தால் பாட்டே பிரிந்துபோகிறது. கடைசியில் தப்பையும் நீக்கிவிட்டு விசைப்பலகையிலிருந்து ஒரு தாளத்தைப் போட்டு, “மலையக நாட்டார் பாடல்” என்று பெயர் சூட்டி வெளியிடுகிறார்கள். யாருடைய பாடல் அது?

வீட்டுப் பதிவு தரக்குறைவானது என்ற எண்ணத்துக்கு உலகம் எப்போதோ பதில் சொல்லிவிட்டது. 1979 இல் ஜப்பானின் டியாக் நிறுவனம் சாதாரண ஒலிநாடாவில் நான்கு தடங்களைப் பதியும் போர்ட்டாஸ்டூடியோ 144 என்ற பெட்டியை வெளியிட்டது. அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982 ஜனவரியில் தம் வீட்டிலேயே அதில் பாடிப் பதிந்தார். பிறகு குழுவினரோடு கலையகத்தில் முயன்றும் அந்த உயிர் வரவில்லை. வீட்டு ஒலிநாடாவே அவ்வாண்டு ‘நெப்ராஸ்கா’ என்ற இசைத்தட்டாக வெளிவந்தது.

சரி, எதை வாங்குவது? விளம்பரங்களில் பெரிதாகத் தெரியும் எண்ணை நம்பாதீர்கள் என்பதே என் முதல் அறிவுரை. ஸூம் ஆர்8, டாஸ்காம் டிபி-008 போன்ற கருவிகள் எட்டுத் தடங்கள் கொண்டவை. ஆனால் ஒரே நேரத்தில் பதியக்கூடியவை இரண்டு தடங்கள் மட்டுமே. தனியொருவர் பாட்டையும் கிற்றாரையும் அடுக்கடுக்காகச் சேர்ப்பதற்கு அவை நல்ல கருவிகள். நான்கு பேர் சேர்ந்து பாடும் இடத்தில் அவை உதவா. 2009 இல் வந்த ஸூம் ஆர்16 ஒரே நேரத்தில் எட்டுத் தடங்களைப் பதியும். 2013 இல் வந்த எச்6 கையடக்கக் கருவியில் நான்கு ஒலிவாங்கிகளைத் தனித்தனியே இணைக்கலாம். ஆகவே கடைக்காரரிடம் கேட்கவேண்டியது “எத்தனை தடம்?” என்றல்ல, “ஒரே நேரத்தில் எத்தனை ஒலிவாங்கி?” என்பதே. நமக்கு நான்கு வேண்டும்: எடுத்துக்கொடுப்பவருக்கு ஒன்று, வாங்கிப் பாடுபவர்களுக்கு இரண்டு, தப்புக்கு ஒன்று.

இரண்டாவதாக, பற்றரியில் இயங்கவேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்சாரம் தடைப்பட்ட நாடு இது. மூன்றாவதாக, ஒவ்வொரு தடமும் சுருக்கப்படாத வேவ் கோப்பாகத் தனித்தனியே சேமிக்கப்பட வேண்டும். லயன் காம்பிராவின் தகரக் கூரையில் மழை விழுந்தாலும், ஒலிவாங்கிகள் பாடுபவருக்கு அருகில் இருந்தால் பின்னர் குரலைப் பெருமளவு மீட்டெடுக்கலாம். 24 பிட், 48 கிலோஹேர்ட்ஸ் அளவில் நான்கு தடங்களுக்கு மணிக்கு ஏறத்தாழ இரண்டு ஜிகாபைட் பிடிக்கும். 32 ஜிகாபைட் அட்டை ஒன்றில் பதினைந்து மணிநேரம் பதியலாம். விடிய விடிய நடக்கும் கூத்து ஒன்று முழுவதும் அதில் அடங்கும்.

32 பிட் மிதவை முறையில் பதியும் புதிய கருவிகளும் வந்துள்ளன. 2024 இல் வெளியான எச்6 எசென்ஷியல் அவற்றுள் ஒன்று. தாலாட்டையும் தப்பையும் அளவு திருத்தாமலே ஒரே கருவியில் பதியலாம் என்பது அதன் நன்மை. கருவிக்குள்ளேயே நூறு எதிரொலிகளும் தாள இயந்திரமும் உண்டு என்ற விளம்பரத்துக்குப் பணம் கொடுக்காதீர்கள். மிஞ்சும் பணத்தில் நல்ல ஒலிவாங்கி வாங்குங்கள்.

இதற்கெல்லாம் இத்தனை ஆவேசம் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். சி. வி. வேலுப்பிள்ளை திரட்டிய ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ 1983 இல் நூலாக வந்தது. மறு ஆண்டே அவர் மறைந்தார். அந்தத் தொகுப்பு இல்லையேல் நாம் எவ்வளவோ இழந்திருப்போம். ஆயினும் அச்சில் சொற்கள்தாம் நிற்கின்றன, மெட்டு நிற்பதில்லை. மெட்டு தெரிந்தவர்கள் கலஹாவிலும் தெல்தோட்டையிலும் புசல்லாவையிலும் மூப்படைந்து வருகிறார்கள். அவர்களின் பிள்ளைகள் கொழும்பில் கடைகளிலும் வளைகுடா நாடுகளில் வீடுகளிலும் வேலை செய்கிறார்கள். பாட்டை வாங்கிப் பாட வேண்டியவர்கள் அவர்கள்தாமே?

மலையகத் தமிழர் வருகையின் 200 ஆவது ஆண்டை 2023 இல் நினைவுகூர்ந்தோம். முன்னோர் வந்த வழியில் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்தும் காட்டினோம். நன்று. அவ்வழியே வந்தவர்களோடு வந்த பாட்டுக்கு என்ன செய்தோம்?

பதிந்ததோடும் கடமை முடியாது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொண்டுவந்த மழையில் கண்டி மாவட்டத்தின் மலைச்சரிவுகள் சரிந்து, வீடுகளும் உயிர்களும் மண்ணுக்குள் போயின. ஓர் அறையில் ஓர் அட்டையில் வைத்திருக்கும் பதிவுக்கு அங்கே என்ன பாதுகாப்பு? ஒரு பிரதி பாடியவரின் குடும்பத்துக்கு. ஒரு பிரதி வேறு ஊருக்கு. பாடியவர் சம்மதித்தால் ஒரு பிரதி, 2005 முதல் இயங்கும் நூலகம் எண்ணிம நூலகம் போன்ற பொது ஆவணக் காப்பகத்துக்கு. பாடியவரின் பெயர், தோட்டம், திகதி ஆகியவற்றைப் பதிவின் தொடக்கத்திலேயே சொல்லவையுங்கள். பெயரில்லாத பதிவு நாளை எவனோ ஒருவனின் இறுவட்டில் அவன் சொத்தாகிவிடும்.

திருவிழாவுக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு எடுக்க ஒருபோதும் தயங்காதவை நம் கோயில் சபைகள். பரிசளிப்பு விழாவுக்கு மேடை போடத் தயங்காதவை நம் சங்கங்கள். ஊருக்குப் பொதுவாக ஒரு பதிவுக் கருவி, நான்கு ஒலிவாங்கிகள், இரண்டு சோடிப் பற்றரி ஆகியவற்றை வாங்க மட்டும் பணமில்லை என்கிறார்கள். புலம்பெயர்ந்த நாடுகளில் இருந்து ஊருக்கு உதவ விரும்பும் வாசகர்களும் இதைக் கவனிக்கவேண்டும். அடுத்த விழாவுக்கு நிதி கேட்டு யாராவது வந்தால், மேடைக்கு எவ்வளவு, பதிவுக்கு எவ்வளவு என்று கணக்குக் கேளுங்கள். பதிவுக்கு ஒன்றுமில்லை என்றால், நிதியை அதற்கென்றே கொடுங்கள்.