ரத்தக் குழாயை எண்ணிப் பாருங்கள்!

கர்ப்பப்பைக்கு இரு பக்கமும் சினைப்பைகள் உள்ளன. ஒவ்வொன்றும் பாதாம் பருப்பு அளவுதான். அங்கே புற்றுநோய் வந்தால் எளிதில் தெரியாது. வயிறு ஊதும். நாலு வாய் சாப்பிட்டதும் போதும் என்றிருக்கும். "வாய்வுக் கோளாறு" என்று ஓமத் தண்ணீர் குடித்துவிட்டு இருந்து விடுவார்கள். பலருக்கு, நோய் வயிற்றுக்குள் பரவிய பிறகே விஷயம் வெளியே வருகிறது.

இந்தக் கட்டி எப்படி வளர்கிறது? ரத்தத்தால்தான்!

அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் ஜூடா ஃபோக்மேன் என்ற டாக்டர் இருந்தார். கட்டி ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் வளர வேண்டுமானால் புதிய ரத்தக் குழாய்கள் வேண்டும் என்று 1971-ல் அவர் எழுதினார். அந்தக் குழாய்களைக் கட்டியே வரவழைக்கிறதாம்! பலர் நம்பவில்லை. கேலி கூடச் செய்தார்கள். ஆனால் அவர் சொன்னது சரி. ஊர் வாய்க்காலை வெட்டித் தன் வயலுக்குத் தண்ணீர் திருப்பும் ஆசாமியைப் போலத்தான் கட்டியும் செய்கிறது.

அந்த வாய்க்காலை அடைக்க ஒரு மருந்து வந்தது. பெயர் பெவாசிசுமாப். 1,873 பெண்களிடம் நடந்த சோதனையின் முடிவு 2011-ல் வெளியானது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு நோய் சுமார் 10 மாதம் அடங்கி இருந்தது. இந்த மருந்தையும் தொடர்ந்து பெற்றவர்களுக்கு 14 மாதம். ஆயுள்? மொத்தத்தில் பார்த்தால் கூடவில்லை. ரத்த அழுத்தம் ஏறியது. சிலருக்குக் குடலில் ஓட்டை விழுந்தது.

பலன் சிலருக்கு, தொல்லை எல்லோருக்குமா? இது என்ன நியாயம்?

ஆபரேஷனில் எடுத்த கட்டித் துண்டு கையில் இருக்கிறது. அதற்குச் சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் ரத்தக் குழாய்களை எண்ணலாம். அதே சோதனையில் சேர்ந்த பெண்களின் கட்டித் துண்டுகளை இப்படிப் பார்த்த ஆய்வு 2017-ல் வெளிவந்தது. குழாய்கள் நெருக்கமாக இருந்தவர்களுக்கு மருந்தால் பலன் அதிகம் தெரிந்தது!

ஆனால் இது பிறகு திரும்பிப் பார்த்துப் போட்ட கணக்கு. இதை மட்டும் நம்பி மருந்து கொடுக்கவோ நிறுத்தவோ முடியாது. "குழாயை எண்ணிச் சொல்கிறோம், பணம் கட்டுங்கள்" என்று யாராவது வந்தால் ஏமாறாதீர்கள்.

முதலில் எண்ணி, பிறகு மருந்து கொடுத்துப் பார்க்கும் சோதனை வேண்டும். மருந்து விற்பவருக்கு இதில் என்ன அவசரம்? வாங்குபவர் குறைந்தால் அவருக்குத்தானே நஷ்டம்! சர்க்கார் பணத்தில்தான் இது நடக்க வேண்டும். தாமதம் செய்யக்கூடாது.