இடுப்பில் துப்பாக்கி யாருக்கு?

போன வாரம் ரெட்டிபாளையத்தில் படிப்பு வட்டம் முடிந்ததும் கல்லூரித் தம்பி ஒருவன் கைப்பேசியை நீட்டினான். திரை முழுக்கத் துப்பாக்கி உறைகள். சட்டைக்குள் இடுப்போடு ஒட்டி வைப்பது, தோளில் மாட்டுவது, கணுக்காலில் கட்டுவது என்று வகைவகையாக. "நம்ம ஆளுங்களுக்கும் லைசென்ஸ் தர சட்டத்துல இடம் இருக்காமேக்கா. வாங்குனா இதுல எது நல்லது?" மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவன் சொன்னது உண்மைதான். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 1995ஆம் ஆண்டு விதிகளில் விதி 3(1)ஐ எடுத்துப் படியுங்கள். வன்கொடுமை நடக்கக்கூடிய பகுதியை அரசு அடையாளம் காண வேண்டும். அங்கே பட்டியல் சாதி, பழங்குடி அல்லாதவர்களின் துப்பாக்கி உரிமங்களை ரத்து செய்து, ஆயுதங்களை அரசுக் கிடங்கில் ஒப்படைக்க வைக்கலாம். கள்ளத் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்ய வேண்டும். இவற்றுக்கெல்லாம் பிறகுதான், தேவையென்று கருதினால், நம் மக்களுக்கு உரிமம் வழங்கலாம் என்கிறது விதி.

இந்த வரிசையைக் கவனியுங்கள் தோழர்களே. முதலில் அவன் கையில் இருப்பதை வாங்கு, பிறகு இவனுக்குக் கொடு. நாம் கடைசி வரியை மட்டும் பிடித்துக்கொண்டு உறைக்கு விலை பார்க்கிறோம். முதல் வரியை யார் கேட்பது?

உறைக்கே வருவோம். விசைப் பகுதியை முழுக்க மூட வேண்டும், குனிந்தாலும் ஓடினாலும் துப்பாக்கி நழுவக் கூடாது, அதைத் தாங்க விறைப்பான பெல்ட் வேண்டும். லுங்கி கட்டி வயலுக்குப் போகும் அப்பா அதை எங்கே மாட்டுவார்? சேலை கட்டி நூறு நாள் வேலைக்குப் போகும் அம்மா? 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள் இன்னொன்றும் சொல்கின்றன. பொது இடத்தில் கைத்துப்பாக்கி உறையில், முழுக்க மூடியபடி இருக்க வேண்டும். வெளியே எடுத்துக் காட்டினால் குற்றம். ஆதிக்க சாதிக்காரன் காட்டினால் அது ஊரில் கெத்து. நாம் காட்டினால் அன்று இரவே வழக்கு. இந்த வித்தியாசத்தை எந்த உறையும் மறைக்காது.

மேலவளவை நினைத்துப் பாருங்கள். ஊராட்சித் தலைவர் முருகேசன் 1997 ஜூன் 30 அன்று மதுரை ஆட்சியர் அலுவலகம் போய்விட்டுப் பேருந்தில் திரும்பினார். கும்பல் பேருந்தை மறித்தது. அவரோடு சேர்த்து ஆறு பேர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அவர் இடுப்பில் ஒரு துப்பாக்கி இருந்திருந்தால் அத்தனை அரிவாளையும் நிறுத்தியிருக்குமா? அவருக்குத் தேவைப்பட்டது அரசின் பாதுகாப்பு. அதைக் கொடுக்க வேண்டியவர்கள் கொடுக்கவில்லை. நாளைக்கு "உனக்குத்தான் லைசென்ஸ் கொடுத்தாச்சே" என்று கைகழுவ அவர்களுக்கு நாமே வழி திறந்துவிடக் கூடாது.

அப்படியானால் அந்த விதியை விட்டுவிடுவதா? கூடாது. அச்சுறுத்தலில் இருப்பவர்கள் 3(1)ஐச் சுட்டிக்காட்டி மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுங்கள். சொத்து போதவில்லை என்பதை மட்டும் காட்டி உரிமத்தை மறுக்க 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் இடமில்லை. மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும், மேல்முறையீடும் உண்டு. "இங்கே ஆபத்து இல்லை" என்று ஓர் அதிகாரி எழுதிக் கையெழுத்துப் போடட்டும். நாளை ஏதாவது நடந்தால் கடமை தவறிய அரசு ஊழியரைத் தண்டிக்கும் பிரிவு 4ஐக் கேட்கும்போது அந்தத் தாள் நம் கையில் இருக்கும்.

கூடவே தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்: நம் மாவட்டத்தில் அடையாளம் காணப்பட்ட பகுதிகள் எவை? அங்கே ரத்தான உரிமங்கள் எத்தனை? மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டிய மாவட்டக் கண்காணிப்புக் குழு கடைசியாக எப்போது கூடியது?

அந்தத் தம்பியிடம் உறை படத்தை மூடச் சொன்னேன். மனு எழுத ஒரு வெள்ளைத்தாள் எடுக்கச் சொன்னேன். எழுதிக்கொண்டிருக்கிறான். நீங்களும் எழுதுங்கள்.

ஜெய்பீம்.